மிளகுத் தோட்டத்துப் பூஞ்சைக்குக் காப்புரிமை: சண்டிகரில் ஒப்படைத்தால் போதுமா?

குமுளிக்காரன்:
வாடல் நோயில் மிளகுக்கொடி எல்லாம் கருகியபோதும் எங்கள் தோட்டத்தில் ஒரு மூலை மட்டும் பச்சையாகவே நின்றது. அந்த வேர்மண்ணில் கிடைத்த டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையைக் கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்கிறோம். காப்புரிமைக்கு மாதிரியைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்க் காப்பகத்தில் கொடுத்தால் அமெரிக்காவிலும் செல்லுமா, இல்லை நாட்டுக்கு ஒன்றாக அனுப்பணுமா?

சித்தூர்_செல்வி:
ஒரே இடம் போதும் அண்ணா. 1977-ல் புடாபெஸ்ட் உடன்படிக்கை போட்டதே இந்த அலைச்சலை ஒழிக்கத்தான், அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு காப்பகத்தில் வைத்தால் உறுப்பு நாடுகள் எல்லாம் அதை ஏற்கணும். இந்தியா 2001-ல் சேர்ந்தது. சண்டிகர் எம்டிசிசி, புனே எம்சிசி என்ற இரண்டு காப்பகங்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. படிவத்தை மட்டும் பார்த்து எடுங்கள்: பொதுச் சேகரிப்புக்குக் கொடுப்பது வேறு, உடன்படிக்கையின் கீழ் கொடுப்பது வேறு, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாதிரி உயிரோடிருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருவார்கள், குறைந்தது 30 வருடம் வைத்திருப்பார்கள்.

கம்பம்_வக்கீல்:
தேதியை விட்டுவிட்டீர்களே. விண்ணப்பம் போடும் நாளுக்குள் ஒப்படைப்பு முடிந்திருக்கணும். அப்புறம், மண்ணில் கிடைத்த பூஞ்சைக்கு அப்படியே காப்புரிமை கேட்டால், இயற்கையில் இருப்பதைக் கண்டறிந்தது மட்டும்தான் என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள், அதை வைத்து நீங்கள் செய்த கலவைக்கோ தயாரிப்பு முறைக்கோ கேளுங்கள். சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் முடிக்க வேண்டிய வேலையும் தனியாக இருக்கிறது.

குமுளிக்காரன்:
சரி சார். அடுத்த மாதக் கருத்தரங்கில் இதைப் பேசலாமா?

கம்பம்_வக்கீல்:
விண்ணப்பம் போடும்வரை மூச்சு விடாதீர்கள்.