முருங்கை மூட்டில் ஓணான் முட்டை

கேள்வி (அம்பாசமுத்திரம்): முருங்கை மூட்டுல கொத்தும்போது வெள்ளையா, தோல் மாதிரி மெத்துன்னு 14 முட்டை கிடக்கு. ஓணான் முட்டையா? இடம் மாத்தலாமா?

பதில் 1: பெரும்பாலும் ஓணானாத்தான் இருக்கும் அண்ணாச்சி, ஒரு ஈட்டுக்கு 10–20 முட்டை இடும். மாத்தாதீங்க, உருட்டவே உருட்டாதீங்க. கரு ஓட்டோட உள்பக்கம் ஒட்டி வளருது, புரட்டினா செத்துப்போகலாம். மேல்பக்கம் பென்சில்ல புள்ளி வச்சு, அப்படியே அதே குழியில வச்சு பொலபொலன்னு மண் மூடுங்க.

பதில் 2: ஈரம்தான் முக்கியம். முட்டை மண்ணுல இருந்து நீரை இழுத்துப் பெருசாகும். காய்ஞ்சா சுருங்கும், தண்ணி தேங்குனா மூச்சுமுட்டி அழுகும். மண்ணைப் பிடிச்சா உருண்டை நிக்கணும், சொட்டக் கூடாது. சுமார் 6–7 வாரத்துல பொரிக்கும். தாய் காவல் இருக்காது. குஞ்சு தானே பூச்சி பிடிச்சுக்கும்.

பதில் 3: கழுத்து சிவந்த ஓணானைப் பார்த்தா பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீங்க. அது இணை தேடுற ஆண், ரத்தம் உறிஞ்சுனதால சிவந்துருக்குன்னு சொல்றதெல்லாம் பொய்.