முன்பல் அழகு சிகிச்சை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடற்கரைக்காரி (ராயபுரம்):
தங்கச்சிக்கு நிச்சயம் முடிந்த கையோடு பல் டாக்டரிடம் போனோம். சின்ன வயதில் விழுந்ததில் ஒரு முன்பல்லின் மூலை உடைந்திருந்தது, அதற்குத்தான். டாக்டர் பார்த்தவுடனேயே மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போடலாம் என்றார். போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் புதுச் சிரிப்பை வைத்துக் காட்டினார். தங்கச்சி வாயே திறக்கவில்லை. அம்மாதான் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு டாக்டர், ஆனா இது யாரு?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் வேறு இடத்தில் அந்த மூலைக்கு மட்டும் காம்போசிட், அதாவது பல் நிறத்தில் இருக்கும் ஃபில்லிங், வைத்தார்கள். ஒரே சிட்டிங், கல்யாண ஆல்பத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் "உனக்கு எதும்மா பிடிக்கலை?" என்று அந்த முதல் டாக்டர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

லேப்காரன் (பெரம்பூர்):
அக்கா, எட்டு என்றாலே கொள்ளை என்று முடிவு கட்டாதீர்கள். நான் டெண்டல் லேபில் வேலை செய்கிறேன். ஒற்றை முன்பல்லுக்குச் செராமிக் செய்து பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்ப்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. பல் நிறம் ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் ஷேட் கார்டில் இருப்பது 16 நிறம். நிஜப் பல்லோ ஈறுப் பக்கம் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ட்ரையல் வைத்தோம், கிளினிக் லைட்டில் பிரமாதம். வாசலில் வெயிலில் நின்று செல்போனில் பார்த்தார். அந்த ஒரு பல் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி. கழற்றி மறுபடி செய்தோம். அவர் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கடற்கரைக்காரி:
கொள்ளை என்று நான் எங்கே சொன்னேன்? வெனீர் ஒட்டப் பல்லின் மேல்பூச்சான எனாமலைச் சீவுவார்கள், ஒருமுறை சீவினால் திரும்ப வளராது. உடைந்தது ஒரு மூலை, சீவுவது எட்டுப் பல்லையா?

பேட்டை மாமா (தண்டையார்பேட்டை):
என் கதை சின்னது. ப்ளீச்சிங் செய்துகொண்டேன், எல்லாப் பல்லும் வெளுத்தது, பழைய கேப் போட்ட பல் மட்டும் மஞ்சளாகவே நின்றது. பேத்தி எல்லார் முன்னாடியும், "தாத்தா, ஒரு பல்லை விட்டுட்டாங்க" என்றாள்.

இனி போகிறவர்கள் கவனியுங்கள். பெராக்சைடு மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், கேப்பையும் ஃபில்லிங்கையும் ஒன்றும் செய்யாது. அதனால் முதலில் ப்ளீச்சிங், நிறம் நிலைக்க இரண்டு வாரம் விட்டு அப்புறம்தான் கேப், பாண்டிங் (காம்போசிட்டைப் பல்லில் ஒட்டுவது) எல்லாம். கொஞ்ச நாள் பல் கூசும், பயப்படாதீர்கள். ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதற்கு வைத்தியம். மாவா, பாக்கு போடுகிற ஆட்கள் சும்மா க்ளீனிங் செய்து பாருங்கள், மேல்கறை நிறையவே போய்விடும் (போட்டுக்கொண்டே இருந்தால் திரும்ப வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்). நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், லேப் தம்பி சொன்னது சரிதான். கையில் காசு இழுபறி என்றால் சென்னைக் கோட்டை ஸ்டேஷன் எதிரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். காம்போசிட்டில் டீக் கறை ஏறும், அவ்வப்போது பாலிஷ் போடவேண்டும். தங்கச்சியிடம் சொல்லும்மா.

கடற்கரைக்காரி:
அவள் டீயே குடிக்கமாட்டாள் மாமா. லேப் தம்பி, அந்த வியாசர்பாடிப் பெண்ணுக்கு இரண்டாவது தடவையாவது நிறம் சேர்ந்ததா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.