ஈஸ்ட் ஹாம் ஏரியா சேஃபா?

லண்டனில் வேலை கிடைத்து, ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடு தேடுகிறவர்கள் வாடகையைக் கேட்ட கையோடு கேட்பது இதைத்தான். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "பத்து வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகலை" என்பார் ஒருவர். "ஐயோ, அங்கேயா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு தெருக்களைச் சொல்கிறார்கள்.

முதலில் போலீஸ் டாட் யூகே தளத்தில் வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள். அந்தந்த மாதம் அக்கம்பக்கத்தில் பதிவான குற்றங்கள் வரைபடத்தில் புள்ளிகளாக வரும். இரண்டு விஷயம் தெரியாமல் பார்த்தால் பயம்தான் மிஞ்சும். ஒன்று, புள்ளி இருக்கும் இடம் சம்பவம் நடந்த வீடு இல்லை. யாருடைய வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பக்கத்திலுள்ள ஒரு பொது இடத்தில் வைத்துவிடுவார்கள். இரண்டாவது, ரயில் ஸ்டேஷன் பக்கமும் கடைத்தெருவிலும் எப்போதும் புள்ளிகள் மொய்த்துத்தான் கிடக்கும். சூப்பர் மார்க்கெட்டில் சாக்லேட் திருடினாலும் கணக்கில் வரும். ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம் பரோவில்தான் (பரோ என்பது லண்டனின் ஒரு நிர்வாகப் பகுதி) ஸ்ட்ராட்போர்டின் பெரிய வெஸ்ட்ஃபீல்ட் மாலும் அந்த ரயில் நிலையமும் இருக்கின்றன. அங்கே வந்துபோகும் கூட்டத்தின் பிக்பாக்கெட்டெல்லாம் சேர்ந்ததுதான் பரோவின் மொத்த எண்ணிக்கை. அதைப் பார்த்துவிட்டு ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டை வேண்டாம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. மொத்தத்தை விட்டுவிட்டு "பர்க்ளரி", "வெஹிக்கிள் கிரைம்" இரண்டை மட்டும் தனியாக, ஆறேழு மாதத்துக்குப் பாருங்கள். ஒரு மாதத்தில் இரண்டு வீடு உடைபட்டால் அது தற்செயலாக இருக்கலாம். மாதாமாதம் உடைபட்டால் யோசியுங்கள்.

அப்புறம், நேரில் போங்கள். ஏஜென்ட் காட்டுவது பகல் பதினொரு மணி. நீங்கள் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி வீடுவரை நடந்து பாருங்கள். நடைபாதை ஓரத்தில் கற்கண்டு மாதிரி கண்ணாடித் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றனவா? அது கார் ஜன்னலை உடைத்த மிச்சம். தெருவில் பாதி கார்களில் ஸ்டியரிங்கில் மஞ்சள் பூட்டு மாட்டியிருக்கிறதா? அந்தத் தெருக்காரர்கள் உங்களிடம் எதையோ சொல்கிறார்கள்.

வீடு அமைந்ததும் கதவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அசடு வழிந்த கதை இது. இங்கே பல வீடுகளில் வெள்ளை பிளாஸ்டிக் கதவு. இழுத்துச் சாத்தினால் 'க்ளிக்' என்று விழும், வெளியிலிருந்து கைப்பிடியை அழுத்தினால் திறக்காது. பூட்டிவிட்டது என்று நினைத்து மூன்று வாரம் வேலைக்குப் போய்வந்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஒருநாள் மதில் மேலாக எட்டிக் கேட்டார்: "தம்பி, கதவைப் பூட்டினீங்களோ, சும்மா சாத்தினீங்களோ?" கைப்பிடியை மேலே தூக்கினால்தான் உள்ளே மூன்று இடத்தில் கொக்கிகள் விழும், பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் நிற்பது ஒரே ஒரு நாக்கு. ஒரு பிளாஸ்டிக் அட்டை போதும், அதைத் தள்ளிவிட. உடைத்த அடையாளம் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பல நேரம் கையை விரித்துவிடுவார்கள். வீட்டு உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்குத்தான். நம் பொருளுக்கு நாம்தான் தனியாக எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் திருட வருகிறவர்கள் டிவியைத் தூக்க வருவதில்லை, நகைக்கு வருகிறார்கள். நம்மவர்களிடம் 22 கேரட் இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அரிசி டப்பா, பூஜை அலமாரி, பீரோவில் புடவை மடிப்பு எல்லாம் அவர்களுக்கும் மனப்பாடம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்து மணிக்கு விளக்கு எரியாத வீட்டில் ஆள் இல்லை என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியும். கடிகாரம் மாறுகிற சமயத்தை ஒட்டித்தான் தீபாவளியும் வரும், நகையும் லாக்கரிலிருந்து வீட்டுக்கு வரும். சில பவுண்டுக்கு டைமர் ஸ்விட்ச் கிடைக்கிறது, வாங்கி ஹால் விளக்கில் மாட்டுங்கள். இங்கே பெரும்பாலான வங்கிகள் லாக்கர் வசதியை நிறுத்திவிட்டன, தனியார் பெட்டகங்கள்தான் இருக்கின்றன. முடிந்தால் கல்யாண நகையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கொண்டுவந்தால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எடையை எழுதி, ரசீதோடு வையுங்கள். வாசலில் மாவிலைத் தோரணமும் செருப்பும் இருந்தால் நம் வீடு என்று தெரிந்துவிடும், எடுத்துவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் எடுக்கவில்லை. பூட்டை மாற்றினேன்.

தெருவில் கவனம் தேவைப்படுவது போன். மின்சார சைக்கிளில் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இருக்கமாட்டான். மேப் பார்க்க வேண்டுமென்றால் நடைபாதையின் விளிம்பில் நிற்காமல் கடைச் சுவரோரம் ஒதுங்கிப் பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை இன்றைக்கே எங்காவது எழுதி வையுங்கள்.

எதாவது நடந்துகொண்டிருக்கும்போது 999. நடந்து முடிந்துவிட்டது, ஆள் போய்விட்டான் என்றால் 101, அல்லது போலீஸ் தளத்திலேயே பதியலாம். பதிந்ததும் ஒரு ரெஃபரன்ஸ் எண் தருவார்கள், இன்ஷூரன்ஸுக்கு அது கட்டாயம். பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து 999 அழைத்தால், அழுத்தச் சொல்லும்போது 55 அழுத்துங்கள், போலீஸுக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே போலீஸிடம் போக சிபாரிசு வேண்டாம், எஸ்ஐ யார் என்று விசாரிக்கவும் வேண்டாம். அந்த வரைபடப் பக்கத்திலேயே உங்கள் வார்டுக்கான குழுவும் அவர்களைத் தொடர்புகொள்ளும் வழியும் இருக்கும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். லெட்டர் பாக்ஸில் கடிதங்கள் துருத்திக்கொண்டு நின்றால், வீடு காலி என்று போர்டு மாட்டியது போலத்தான். நாங்கள் போன தடவை ஒரு மாதம் மதுரையில் இருந்துவிட்டு வந்தோம். கடிதங்களெல்லாம் ஹால் மேஜையில் அடுக்கியிருந்தன. ஃப்ரிட்ஜில் புதுப் பால், மூடி போட்ட கிண்ணத்தில் சொதி.