எவரெஸ்ட் அடிவார முகாம்: லொபுசேயில் திரும்பியவன் மறுபடியும் போகலாமா?

கேள்வி – மாரத்தான்காரன்

அனைவருக்கும் வணக்கம். கடந்த அக்டோபரில் நானும் என் மனைவியும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் புறப்பட்டு, 4,940 மீட்டர் உயரத்திலுள்ள லொபுசேயோடு திரும்பிவிட்டோம். நடை தொடங்கும் லுக்லாவுக்கு விமானம் ஏற, மந்தாலி விமான நிலையத்தில் மேகம் விலகட்டும் என்று இரண்டு நாள் காத்துக் கிடந்ததில் நாள்கள் குறைந்துபோயின. அதை ஈடுகட்ட, எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்தார் நாம்சே பஜாரிலும் டிங்போசேயிலும் இருந்த ஓய்வு நாள்களை எடுத்துவிட்டார்கள். டிங்போசேயில் மாலையில் தொடங்கிய தலைவலி பாராசிட்டமாலுக்கு அடங்கவில்லை. மறுநாள் லொபுசேயில் குடித்த சூப்கூட வயிற்றில் தங்காததால், வழிகாட்டி என்னை ஃபெரிசேக்கு இறக்கினார். இறங்கிய அன்று இரவே தலைவலி பாதியாகக் குறைந்துவிட்டது.

எனக்கு வயது 52. ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் ஓடுகிறேன். காலை நடையைத் தவிர வேறு பயிற்சியே இல்லாத என் மனைவிக்கோ பசிகூடக் குறையவில்லை. வரும் ஏப்ரலில் மறுபடியும் போக ஆசை. என் உடலில் ஏதேனும் குறை இருக்கிறதா? உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய்க்குக் கொடுக்கும் டையமாக்ஸ் மாத்திரை, அந்த நோயின் அறிகுறிகளை மறைத்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மையா? டிங்போசேயில் இரவு நான் தூக்கத்தில் சில நொடிகள் மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வாரி இழுத்ததாக மனைவி சொல்கிறார். அதற்கு அஞ்ச வேண்டுமா?

மறுமொழி – பொதுமருத்துவர்

ஐயா, உங்கள் பயணத் திட்டத்தைப் படித்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. நாம்சே 3,440 மீட்டர், லொபுசே 4,940 மீட்டர். மூன்றே நாளில், இடையில் ஓய்வின்றி, 1,500 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தீர்கள் என்பதைவிட இரவில் எங்கே படுத்தீர்கள் என்பதே முக்கியம். நாம்சேயின் ஓய்வு நாளில் 3,880 மீட்டர் வரை ஏறி எவரெஸ்ட் வியூ ஓட்டலைப் பார்த்துவிட்டு நாம்சேக்கே திரும்பச் சொல்வது இதனால்தான்.

மாரத்தான் ஓடுவதற்கும் உயர நோய் வருவதற்கும் தொடர்பில்லை. அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு ஏற்ப மூச்சையும் சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் உடல் மாற்றிக்கொள்ளும் வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும். பயிற்சியால் அது கூடுவதில்லை. பார்க்கப்போனால், நன்றாக ஓடுபவர்கள்தாம் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

டையமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, நோயை மறைப்பதில்லை. சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றும்படி செய்து, இரத்தத்தைச் சற்றே அமிலமாக்கி, அதன் மூலம் மூச்சைத் தூண்டுகிறது. உடல் தானாக நாள்கணக்கில் செய்வதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. முன்பு ஒருமுறை அவதிப்பட்டவர் என்பதால் உங்களுக்கு அது பொருந்தக்கூடும். ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து காலையும் இரவும் 125 மில்லிகிராம் என்பது தடுப்புக்கான வழக்கமான அளவு. விரல் நுனிகள் மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் உங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். அறிகுறியை மறைக்கக்கூடியது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அதை விழுங்கிக்கொண்டு மேலே ஏறுவது ஆபத்து.

இரவில் மூச்சு நின்று நின்று வருவது அந்த உயரத்தில் பெரும்பாலோருக்கும் நேர்வது, பார்ப்பவருக்குத்தான் பயம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, இருமலில் நுரையும் இளஞ்சிவப்புச் சளியும் வந்தாலோ, நுரையீரலில் நீர் கோக்கிறது என்று கொண்டு விடியும்வரை காத்திராமல் இறங்கிவிட வேண்டும்.

மறுமொழி – இருமுறை போனவன்

மருத்துவர் சொல்லாமல் விட்ட ஒன்றை என் கண்ணால் கண்டதால் எழுதுகிறேன். லொபுசேயில் ஒரு காலை, எங்கள் குழுவிலிருந்த நண்பர் கால்மணி நேரமாகக் காலணியின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தலைவலி உண்டா என்றால் இல்லை என்றார், சிரிக்கவும் செய்தார். வழிகாட்டி அவரை எழுப்பி, விடுதித் தரையின் பலகை இணைப்பைக் காட்டி, குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டவைத்துக் கோட்டின் மீதே நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் நண்பர் சுவரில் சாய்ந்துவிட்டார். மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. வாய் நலம் என்று சொல்லும்போதும் கால் பொய் சொல்லாது. டெக்சாமெத்தசோன் கொடுத்து, இருபுறமும் ஆளாகத் தாங்கி இறக்கினோம். இறங்கும் வழியிலுள்ள துக்லாவைத் தாண்டியதும், தன் கைத்தடி எங்கே என்று அவராகவே கேட்டார். ஃபெரிசேயில் ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையத்தில் அன்றிரவைக் கழித்துவிட்டு மேலும் கீழே போனோம்.

இன்னொன்று: லுக்லாவுக்கும் நாம்சேக்கும் இடையிலுள்ள ஃபாக்டிங் 2,610 மீட்டர், அங்கே படுத்து மறுநாள் நாம்சே ஏறினால் ஒரே நாளில் 830 மீட்டர். சற்று மேலே மோன்ஜோ வரை நடந்து அங்கே தங்கினால் அந்த ஏற்றம் 600 மீட்டரளவுக்குக் குறையும்.

மறுமொழி – பூண்டு ரசம்

நாளுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீரும் வேளைக்கொரு பூண்டு சூப்பும் குடித்தால் எதுவும் வராது என்று அந்த வழியிலுள்ள விடுதிக்காரர்களே சொல்கிறார்கள். மாத்திரை எதற்கு?

மறுமொழி – பொதுமருத்துவர்

பூண்டு சூப் அந்தக் குளிரில் அமிர்தம்தான், நண்பரே. ஆனால் உயர நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. தண்ணீரைத் தாகத்துக்கும் சற்று மேலாகக் குடித்தால் போதும். அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே தலைவலியையும் வாந்தியையும் கொண்டுவந்து நம்மைக் குழப்பிவிடும்.

மறுமொழி – மாரத்தான்காரன்

அனைவருக்கும் நன்றி. மோன்ஜோவில் ஓரிரவு, நாம்சேயிலும் டிங்போசேயிலும் இரண்டிரண்டு இரவுகள் என்று திட்டத்தை மாற்றி, மந்தாலிக் காத்திருப்புக்காகத் தனியே மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறேன். விமானம் தாமதித்தாலும் ஓய்வு நாள்களில் கைவைப்பதில்லை என்று எழுதித் தரும் நிறுவனத்தோடுதான் இம்முறை போவது. என் மனைவி ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்: டிங்போசேயிலிருந்து மேலே, காலையும் மாலையும் விடுதியின் தரைப்பலகையில் அவர் முன்னிலையில் நான் நடந்துகாட்ட வேண்டுமாம்.