மறு: எஸ்எம்பிஎஸ்-க்கு தமிழ்ல என்ன பேர்? (12 வோல்ட் விவகாரமும் சேத்து)

எல்லாருக்கும் வணக்கம்,

வீட்லயே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்களுக்கான நம்ம கையேட்டுல பவர் சப்ளை (வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏத்த சின்ன வோல்ட்டா மாத்திக் குடுக்குற பொட்டி, கடைல எஸ்எம்பிஎஸ்) அத்தியாயம் மட்டும் ஒரு வார்த்தைக்காக அப்படியே நிக்குது, அதுக்குத்தான் இந்த நீள மடல், பொறுத்துக்கோங்க.

> மின்வழங்கி-ன்னு போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கலாமே

கும்பகோணத்து அண்ணே, போடலாம்தான், ஆனா இணையத் தமிழ்ல வழங்கின்னா சர்வர்னு ஆகிப்போச்சு, மின்-ங்கறதும் மின்னஞ்சல் மின்னூல்னு வந்து வந்து ஆன்லைன் வாடை அடிக்குது, ரெண்டையும் சேத்துப் படிக்கிற பையன் ஏதோ வெப்சைட் சமாச்சாரம்னு தாண்டிப் போயிருவான். மின்மாற்றி டிரான்ஸ்பார்மருக்குப் போயிருச்சு. மின்பகிர்வின்னு ஒருத்தர் சொன்னாரு, அதப் படிச்சதும் எனக்கு கரண்டு பில்லுதான் ஞாபகம் வந்துச்சு.

என்னக் கேட்டா இந்தப் பொட்டிக்கு பேர் தேடுறதே இப்ப அவசரமில்ல. திருவாரூர்ல கேட்டாலும் பட்டுக்கோட்டைல கேட்டாலும் எஸ்எம்பிஎஸ்-னா எடுத்துக் குடுக்குறாங்க, அந்த வார்த்தையால யாரும் ஏமாறல. ஏமாறுறது லேபிள்ல. பேரில்லாததும் அங்கதான்.

சொல்றேன். கேபினெட்டோடயே சேந்து வர்ற எஸ்எம்பிஎஸ்-ல 450-ன்னு பெருசா போட்டிருக்கும், வாங்குறவன் 450 வாட்டுன்னு நம்பிருவான், கீழ பொடி எழுத்துல ஒரு கட்டம் இருக்கும், அதுல 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர்னு இருந்தா கதை முடிஞ்சது, 12 தடவ 16, வெறும் 192 வாட்டு. இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டுன்னு பசி உள்ளதெல்லாம் 12 வோல்ட்லதான் சாப்பிடுது, 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் ஹார்டு டிஸ்க்கோட சர்க்யூட் போர்டு, யூஎஸ்பி மாதிரி சில்லறைக்கு. ரைசன் 5 5600 ப்ராசசர் லோடு வந்தா 76 வாட்டு வரைக்கும் எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒரு 170, ரெண்டும் சேந்து 246, இத 192-ல எப்படி ஓட்டுறது? கேம் தொறந்ததும் பொட்டுனு அணையும், நம்மாளு ராம் போச்சுன்னு ராமை மாத்திக்கிட்டு இருப்பான். அதே கார்டுக்கு கம்பெனிக்காரன் சொல்றது 550 வாட்டு சப்ளை, அதுலயும் 12 வோல்ட்டுல 45 ஆம்பியர் இருந்தாத்தான் 540 வாட்டு அந்தப் பக்கம் நெசமாவே போகும்.

ஏன் இப்படி லேபிள் வருதுன்னா அதுக்கும் காரணம் இருக்கு, பழைய காலத்து போர்டுல ப்ராசசருக்கு 5 வோல்ட்லேருந்துதான் கரண்டு எடுத்தாங்க, பென்டியம் 4 வந்த சமயத்துல 12 வோல்ட்டுக்கு தனி நாலு பின் சொருகி வந்துச்சு, அதுலேருந்து பாரம் பூரா இந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. ஆனா மலிவு சப்ளை செய்யுறவங்க பல பேரு இன்னும் அந்தப் பழைய டிசைனையே ஓட்டுறாங்க, 5-லயும் 3.3-லயும் ஆம்பியரை வாரி எழுதி மொத்தம் 450-ன்னு கூட்டிக் காட்டிருவாங்க.

இந்த 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் தனித்தனியா ஓடுதே, அதுல ஒண்ணொண்ணையும் ரெயில்னு சொல்றாங்க. இதுக்குத்தான் பேர் வேணும்.

> தண்டவாளம்னு நேரா மொழிபெயர்த்தா என்ன

வேணாம் தம்பி. தடம்-னும் போட முடியாது, மதர்போர்டு மேல ஓடுற செப்புக் கோட்டுக்கு மூணாவது அத்தியாயத்துலயே தடம்னு போட்டாச்சு.

நான் சொல்றது வாய்க்கால். சிரிக்காதீங்க. கல்லணைல காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு பிரிச்சு விடுறாங்கள்ல, மொத்தத் தண்ணி எவ்வளவு வருதுங்கறது ஒரு கேள்வி, என் வயலுக்கு வர்ற வாய்க்கால்ல எவ்வளவு வருதுங்கறது வேற கேள்வி. இத டெல்டாக்காரனுக்கு வெளக்க வேண்டியதே இல்ல, "12 வோல்ட் வாய்க்கால்ல எத்தன ஆம்பியர்?"னு கேளுன்னா போதும். சிங்கிள் ரெயில், மல்டி ரெயில்னு வருதே, அதுவும் இதுல அடங்கிரும், மல்டி ரெயில்ல உள்ள ஓடுறது பெரும்பாலும் ஒரே தண்ணிதான், ஒவ்வொரு மதகுலயும் இவ்வளவுக்கு மேல போனா மூடிக்கன்னு தனித்தனி அளவு வச்சிருப்பாங்க, அவ்ளோதான். இன்னொரு லாபம், கருப்பு வயர். கரண்டு திரும்பிப் போற வழி அது, க்ரவுண்டுன்னு சொல்றோம், எர்த்தோட போட்டுக் கொழப்பிக்கிறோம். வாய்க்கால்னு ஒண்ணு இருந்தா வடிகால்னு ஒண்ணு இருந்தே ஆகணும். மஞ்சள் வயர் 12 வோல்ட் வாய்க்கால், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கருப்பு வடிகால். எர்த்து எர்த்தாவே இருக்கட்டும்.

மின்கால்-னு சுருக்கலாமான்னு யோசிச்சேன், ஆனா ரிப்பேர் கடைல ஐசியோட பின்னைத்தான் காலுன்னு சொல்றாங்க, வம்பு.

அடுத்தது கம்பேட்டிபிள். போன மாசத்துலேருந்து பொருத்தமா இணக்கமான்னு அடிச்சுக்குறோம். ரெண்டும் வேணும், ரெண்டும் வேற வேற. டிடிஆர்4 ராமை டிடிஆர்5 போர்டுல சொருக முடியாது, வெட்டு வேற எடத்துல இருக்கு, அது பொருந்தாது. பழைய பி450 போர்டுல ரைசன் 5000 வரிசை ப்ராசசர் அழகா உக்காரும், பயோஸ் (போர்டுக்குள்ளயே இருக்குற தொடக்க மென்பொருள்) அப்டேட் பண்ணாட்டி திரையே வராது, அதாவது பொருந்தும், இணங்காது. பொருந்தலைன்னா கடைலயே தெரிஞ்சிரும். பொருந்தி இணங்காததுதான் வீட்டுக்கு வந்தப்புறம் கழுத்தறுக்கும். அதுல ஆபத்தானது கழற்றி மாட்டுற கேபிள் உள்ள சப்ளை: ஒரு கம்பெனி சப்ளையோட சாட்டா கேபிளை (ஹார்டு டிஸ்க்குக்கு கரண்டு போற கேபிள்) இன்னொரு கம்பெனி சப்ளைல சொருகினா பல நேரம் சொகமா உள்ள போகும், ஆனா சப்ளைப் பக்கத்து பின் வரிசைக்கு பொது விதி கெடையாது, 5 வோல்ட் போக வேண்டிய எடத்துல 12 போயி ஹார்டு டிஸ்க்கு கருகிரும். ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்குள்ளயே மாறும். சொருகி ஒண்ணா இருக்கேன்னு நம்பாதீங்கன்னு சொல்ல இந்த ரெண்டு வார்த்தை நம்மகிட்ட இருக்குறப்ப ஒண்ண எதுக்குத் தூக்கிப் போடணும்?

கடைசியா ஹோல்ட்-அப் டைம், தாங்குநேரம்னு போட்டிருக்கேன். வெளிக் கரண்டு விட்டப்புறம் சப்ளை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்ங்கறது, நல்லதுல 16, 17 மில்லி செகண்டு இருக்கும், நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஒரு முழுச் சுத்துக்கே 20 ஆகுது. குறுவைக்கு மோட்டார் போடுற நேரம் லைட்டு மங்கி மங்கி எரியுற ஊர்ல இது சின்ன விஷயமில்ல, யூபிஎஸ் மாறுற அந்த இடைவெளிய சப்ளைதான் தாங்கணும்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

—

> வாய்க்கால்

அண்ணே கடைல உக்காந்துருக்கேன், சுருக்கமா சொல்றேன். வாய்க்கால் ஓகே. கஸ்டமர் ஒருத்தர்கிட்ட இப்பதான் லேபிளைக் காட்டி இந்த வாய்க்கால்ல இவ்வளவுதான் வரும்னேன், கேட்டுட்டு பேசாம பெரிய சப்ளையே எடுத்துட்டாரு. யூபிஎஸ் பத்தி ஒண்ணு சேத்துக்கோங்க, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட்) உள்ள சப்ளை சிலது, படிக்கட்டு மாதிரி அலை தர்ற மலிவான ஸ்டெப் வேவ் யூபிஎஸ்ல மாறும்போது அணஞ்சிரும். அதுவும் உங்க பொருந்தும்-இணங்காது கணக்குதான்.

—

அன்பர்களே,

பொருந்துதல், இணங்குதல் என்ற பிரிப்பை முழுமையாக ஏற்கிறேன். வாய்க்கால் பற்றி ஒரு தயக்கம் உண்டு. கோயம்புத்தூர்க்காரரும் சென்னைக்காரரும் படிக்கும் கையேட்டில் ஆற்றுப்பாசனச் சொல் ஒட்டுமா? தாங்குநேரம் நன்று. எஸ்எம்பிஎஸ்-ஐ அப்படியே விடுவதிலும் எனக்கு மறுப்பில்லை, அகராதிக்காரர்கள் பிறகு கோபித்துக்கொள்ளட்டும்.

தஞ்சையிலிருந்து

—

ஐயா, வாய்க்கால் தெரியாத ஊர் தமிழ்நாட்டுல எது, சென்னைல பக்கிங்காம் கால்வாயே ஓடுதே, தண்ணி எப்படி இருக்குங்கறது வேற கேஸு :) உங்க தயக்கத்துக்காக மொத தடவ வர்ற எடத்துல மட்டும் "12 வோல்ட் வாய்க்கால், அதாவது கடைல ரெயில்னு சொல்றது"ன்னு ஒரு வரி போட்டுர்றேன். வயர் நெறம் போட்ட படத்துக்கு எழுத்து மாத்தி ஞாயித்துக்கெழம ராத்திரி அனுப்புறேன். ஊதா வயர் மட்டும் மிச்சம் இருக்கு, கம்ப்யூட்டரை அணைச்சாலும் 5 வோல்ட் ஓடிக்கிட்டே இருக்குமே, ஸ்டேண்ட்பை, அதுக்கு யாராவது பேர் சொல்லுங்க.