புரட்டாசியில் கடையை அடைத்துவிட்டுக் கடல் பார்க்கப் போனோம்

செல்லூர் மெஸ் அக்கா:

புரட்டாசி பிறந்தால் அசைவ மெஸ் நடத்துகிறவர்களுக்குப் பாதி வேலைதான். சனிக்கிழமைகளில் நாங்களே அடுப்பு பற்றவைப்பதில்லை. 27 வருஷமாக அந்த மாதத்தில்தான் சுவருக்கு வெள்ளையடிப்போம், கிரைண்டர் கல்லைக் கொத்துவோம், அண்டாக்களுக்கு ஈயம் பூசுவோம். இந்த வருஷம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் எங்களைக் கேட்காமலேயே ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு ராத்திரிக்கு அறை போட்டுவிட்டான். திங்கள் போய்ப் புதன் திரும்ப வேண்டும். "வெள்ளையடிக்கிற ஆளை நான் வந்து பாத்துக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்றான்.

ஒரு நாள் வாடகை 11,000 ரூபாய். 7,500 ரூபாயைத் தாண்டிய அறை என்பதால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 25,960. எங்கள் கடையில் ஒரு சாப்பாடு 120 ரூபாய். 216 இலை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. மகனிடம் சொல்லவில்லை, வருத்தப்படுவான்.

மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போனோம். வைகையும் அதே பக்கமாகத்தான் வருகிறது. எங்கள் தெருமுனையில் தினமும் பார்க்கிற ஆறு, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நுழைந்து, மிச்சம் ஆற்றங்கரை என்கிற ஊரில் கடலில் சேர்கிறது என்று கார் ஓட்டிய தம்பி சொன்னார். செல்லூரில் பிறந்து வளர்ந்த எனக்கு 48 வயசில்தான் அந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தது.

அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது. கார்டைச் செருகினால்தான் விளக்கு எரியும். கதவைத் திறந்தால் சின்னத் திண்ணை, நாலு தென்னை, அதற்கு அப்பால் கடல். முதல் ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை. மெஸ்ஸில் ஒரு மணிக்குக் கல்லைத் துடைத்துவிட்டுப் படுக்கிற மனுஷர், பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் எப்படித் தூக்கம் வரும்? திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கையில் வேலை எதுவும் இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவருடைய அம்மா அயிரை மீன் குழம்புக்கு எப்படிப் புளி கரைப்பார்கள் என்று பேச ஆரம்பித்தார். விடிய மூன்று மணி வரை பேசினோம்.

நான் எழுத வந்தது அந்த முதல் நாள் சாப்பாட்டைப் பற்றித்தான்.

ராத்திரிச் சாப்பாடு கடற்கரை ஓரத்தில் மேசை போட்டு. விளமீன் குழம்பு, கணவாய் வறுவல், சோறு. எங்களுக்கென்று ஒரு சர்வர் தம்பி, இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது. அவன் தண்ணீர் ஊற்ற வந்தால் இவர் எழுந்து ஜக்கை வாங்கிக்கொள்கிறார். தட்டு எடுக்க வந்தால் இவர் ஏற்கெனவே தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எலும்பையும் முள்ளையும் மேல் தட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறார். கிண்ணத்தில் குழம்பு குறைந்தால் தானே எழுந்து போய்க் கேட்கிறார். மூன்றாம் தடவை எழுந்தபோது அந்தத் தம்பி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "ஐயா, நீங்க உக்காந்தாத்தான் எனக்கு வேலை."

உட்கார்ந்துவிட்டார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் பரிமாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றை ஒரே இடத்தில் கொட்டாமல், குழம்புக்கு இடம் விட்டு வைத்தான். முள் இல்லாத நடுத்துண்டைப் பார்த்து எனக்கு வைத்தான். காற்று அடித்துக் கை துடைக்கிற தாள் பறக்க, நாங்கள் குனியும் முன்னால் அவன் எடுத்துவிட்டான். "கத்துக்கிட்ட கை" என்று என்னிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை லேசில் வராது. எங்கள் கடையில் ஏழு வருஷமாகப் பரிமாறுகிற பையனுக்கே ஒரு தடவைதான் கிடைத்திருக்கிறது.

பிறகு வழக்கம்போல, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். மதுரைக்காரர் வேறு என்ன கேட்பார். அதற்கு அவன், "ஆறரைக்கே சாப்பிட்டாச்சுங்கய்யா. சாப்பிட்டுட்டுத்தான் எங்கள டூட்டிக்கு விடுவாக" என்றான்.

இவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அறைக்குத் திரும்பும்போது கேட்டேன். "நம்ம பயலுக எத்தன மணிக்குச் சாப்பிடுறானுக?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நாலு மணி. கடைசி இலை எடுத்த பிறகு. சில நாள் நாலரை.

மறுநாள் காலையில் பஃபே. மூடி போட்ட தட்டங்களின் அடியில் வெந்நீர், அதற்குக் கீழே சின்ன நெருப்பு. இட்லிக்கு அது ஒத்துவரவே வராது. ஆவி பட்டுப் பட்டு மேலே நசநசவென்று ஆகிவிடும். தோசை மட்டும் கேட்கிறவர்களுக்கு அங்கேயே ஊற்றிக் கொடுத்தார்கள். கல் ரொம்பச் சூடாக இருந்து மாவு பரவாமல் திரண்டது. இவர் கவனித்தார், வாயே திறக்கவில்லை. கூட்டம் முழுக்கப் போய், மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்த பிறகு பக்கத்தில் போய், "தம்பி, தண்ணி தெளிச்சதோட விடாம ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்துட்டு ஊத்துங்க" என்று மட்டும் சொன்னார். வேலை நேரத்தில் மாஸ்டரிடம் யாரும் பேசக்கூடாது. அதை அவர் எங்கேயும் மீறுவதில்லை.

அன்று வெயில் ஏறுவதற்கு முன்னால் தனியாகக் கொஞ்ச தூரம் மணலில் நடந்தேன். பாசி எடுக்கிற பெண்கள் நாலு பேர் கடலிலிருந்து ஏறி வந்தார்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருந்தது. பாறை கிழிக்கும் என்றார்கள். நான் என் கையில் எண்ணெய் தெறித்த தழும்புகளைக் காட்டினேன். அதில் மூத்த அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒனக்கு நெருப்பு, எங்களுக்குத் தண்ணி" என்றார்கள். அவ்வளவுதான் பேசினோம்.

புதன்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். கிளம்பும் முன்னால் நான் அறையைக் கூட்டி, படுக்கையை மடித்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். அழுக்காக விட்டு வர மனசு கேட்கவில்லை. அது சரிதானா என்று தங்கிப் பழகினவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:

அக்கா, நான் பதில் சொல்கிறேன். ஆறு வருஷம் அதே கடற்கரையில் வேறொரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். இப்போது மதுரையில் சொந்தமாக லாண்டரி வைத்திருக்கிறேன்.

கூட்ட வேண்டாம் அக்கா. நீங்கள் கூட்டினாலும் நாங்கள் மறுபடி கூட்டத்தான் வேண்டும். படுக்கையை மடித்து வைத்தால் இன்னும் ஒரு வேலை கூடும். எல்லா விரிப்பையும் பிரித்து, கறை இருக்கிறதா என்று உதறிப் பார்த்துத்தான் சலவைக்குப் போடுவோம். ஒரு ஷிஃப்டுக்கு எனக்கு 14 அறை. அதில் ஐந்தாறு அறை காலி செய்கிற அறையாக இருந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. எங்களுக்கு நிஜமான உதவி இரண்டுதான். நனைந்த துண்டுகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டுவிடுங்கள். கடலிலிருந்து வந்ததும் வெளியே இருக்கிற குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். குளியலறைச் சாக்கடையில் மணல் அடைத்தால் குழாய்க்கு ஆள் வரும்வரை அந்த அறையை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது, திட்டு எங்களுக்குத்தான் விழும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஐயாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், அறுபது வயசுக்கு மேல் இருக்கும். பேத்தி அனுப்பி வைத்தது. அவர்கள் காலி செய்து போன பிறகு நான் அறைக்குப் போனேன். அலமாரிக்குள் இருக்கிற சின்ன லாக்கர் பூட்டியே கிடந்தது. அதை நாங்களாகத் திறக்கக்கூடாது. டூட்டி மேனேஜரும் செக்யூரிட்டியும் வந்து, என்னைச் சாட்சிக்கு நிறுத்தி, எழுதி வைத்துத்தான் திறப்பார்கள். உள்ளே கர்சீப்பில் முடிந்து தாலிச் செயின். கடலில் குளிக்கும்போது அலை அடித்துக்கொண்டு போகுமே என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டிருந்ததால் ஞாபகம் வரவில்லை.

போன் போட்டபோது பரமக்குடி தாண்டியிருந்தார்கள். திரும்பி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் ஷிஃப்ட் முடிந்தும் போகவில்லை. கையெழுத்து வாங்கிக் கொடுக்கும்போது அந்த அம்மா அழவில்லை, ஐயாதான் அழுதார். பணம் நீட்டினார், வாங்கவில்லை. அப்போது அந்த அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, பேத்திக்கென்று வாங்கி வைத்திருந்த பனங்கருப்பட்டியில் பாதியை உடைத்துக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டேன்.

அதனால் கிளம்பும்போது கூட்டாதீர்கள் அக்கா. அந்த நேரத்தில் லாக்கரையும் குளியலறைக் கொக்கியையும் தலையணை அடியையும் ஒரு தடவை பாருங்கள்.

திருமங்கலத்துப் பொண்ணு:

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் போனோம். எங்கள் அனுபவம் இவ்வளவு நல்லதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

கடல் தெரியும் அறை என்று கூடுதலாக 2,000 ரூபாய் கட்டினோம். ஜன்னல் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் ஒரு கோடு மாதிரி கடல் தெரிந்தது. தெரிவது வேறு, கடலைப் பார்த்து இருப்பது வேறு. புக் பண்ணும்போதே போனில் கேட்டு, அறை எண்ணோடு எழுதி வாங்குங்கள். நான் ரிசப்ஷனில் போய் அழுத பிறகுதான் மாற்றினார்கள். அதற்குள் முதல் நாள் போய்விட்டது. அவருக்கு லீவே மூன்று நாள்தான்.

சாப்பாட்டுப் பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்த்திருந்தார்கள். அதைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்று தன்மையாகக் கேட்டோம், எடுத்துவிட்டார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடலாம். அந்தப் பணத்தைப் பரிமாறின அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்னொன்று. தனுஷ்கோடிப் பக்கம் அலை அடங்கிய பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் அலை அடிக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வளைகுடாப் பக்கம் தங்கினால் இடுப்பளவுக்கு மேல் இறங்காதீர்கள். இவர் நீச்சல் தெரியும் என்று இறங்கினார். உள்ளூர் அண்ணன் ஒருவர் கரையிலிருந்து கத்திக் கூப்பிட்டதால்தான் திரும்பினார்.

செல்லூர் மெஸ் அக்கா:

தம்பி, அடுத்த தடவை துண்டெல்லாம் ஒரே இடத்தில்தான். கருப்பட்டிக் கதையை எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். திருமங்கலத்துத் தங்கச்சி, அவரைத் திரும்பக் கூப்பிட்ட அந்த அண்ணன் நல்லா இருக்கணும்.

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாளே பையன்களுக்குச் சாப்பாடு 11 மணி என்று இவர் மாற்றிவிட்டார். கடை திறப்பது பன்னிரண்டுக்கு. அதற்காக நான் ஒரு மணி நேரம் முன்னாடி உலை வைக்கிறேன். முதல் நாள் ரசம் கொதிக்கவில்லை, சாம்பாரும் ஆம்லேட்டும்தான். ஏழு வருஷப் பையன், "என்னண்ணே, இன்னைக்குக் கடை லீவா?" என்று கேட்டான். "உக்காருடா" என்று இவரே இலை போட்டார்.