நெல்லைச் சுற்றி ஏறும் இலையில்லாத ஊதாப் பூ: என்ன செடி இது?

வட்டைக்காரன்: இலங்கையின் திருக்கோவில் ஊர்ப் பக்கம் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்), வரம்போரத்து ஈர மணலில் ஒரு பூ. விரல் நகம் அளவு, ஊதா நிறம். நடுவில் வெளிறிய மேடு, அதில் வலை போல கோடுகள். தண்டு நூல் மாதிரி, புல்லையும் நெல்லையும் சுற்றி ஏறுகிறது. இலை ஒன்றையும் காணவில்லை. பக்கத்து வயல்காரர் “இது நெல்லின் சாற்றைக் குடிக்கும், பிடுங்கி எறி” என்கிறார். பிடுங்கினால் வேரும் வருவதில்லை, அறுந்துவிடுகிறது. என்ன செடி? வேறு எங்கே வளரும்?

குளக்கட்டு: முருதானியாவாக இருக்குமோ? ஊதாப் பூ, வயலோரம், எல்லாம் பொருந்துதே.

புல்வெளி அக்கா: முருதானியாவுக்கு மூன்று இதழ், இலையும் நன்றாகத் தெரியும். தம்பி, பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். கீழே வால் போல கூராக ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா? பூவுக்குப் பின்னால் பச்சை மடல் எத்தனை?

வட்டைக்காரன்: வால் இருக்கிறது அக்கா. பச்சை மடல் இரண்டுதான்.

புல்வெளி அக்கா: அப்போ யுட்ரிகுலேரியா, சின்னப் பைகளால் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும் செடி. சுற்றி ஏறுவதையும் வலைக்கோட்டையும் சேர்த்துப் பார்த்தால் யுட்ரிகுலேரியா ரெட்டிகுலேட்டா. இந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. கேரளத்தில் காக்காப்பூ என்பார்கள், ஓணப் பூக்கோலத்தில் இடுவார்கள்.

நெல்லின் சாற்றை அது தொடுவதே இல்லை. மெல்லிய தண்டு நிற்கப் பிடிமானம் தேடுகிறது, அவ்வளவுதான். சுற்றியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும், அவரைக் குறை சொல்ல முடியாது.

சாப்பாடு மண்ணுக்குள் நடக்கிறது. இதற்கு உண்மையான வேரே கிடையாது. ஈர மண்ணில் மயிரிழை போல ஓடும் தண்டுகளில் குண்டூசித் தலையைவிடச் சிறிய பைகள் இருக்கும். பை உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி ஒட்டிப்போய்க் காத்திருக்கும். வாசலில் உள்ள மயிரை ஒரு நுண்ணுயிர் தட்டினால் கதவு திறந்து, நீரோடு உள்ளே இழுத்துவிடும். ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது! சத்துக் குறைந்த மண்ணில் இந்தச் செடிகள் பிழைப்பது இப்படித்தான்.

உறுதி செய்ய வேண்டுமானால் பிடுங்காதீர்கள். உள்ளங்கை அளவு மண்ணோடு வெட்டியெடுத்து, வெள்ளைக் கோப்பையில் வைத்து, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கைவில்லையில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பைகள் தெரியும். நாடா போன்ற சிறு இலைகள் பூக்கும் காலத்தில் பெரும்பாலும் இருக்காது.

இடம் என்றால், நல்ல வெயிலும் மேலாகப் படரும் தண்ணீரும் உள்ள மணல் தரை. வில்லுக்கரை (ஆழமில்லாத சதுப்பு நீர்நிலையின் ஓரம்), மழை நின்ற பிறகும் கசியும் புற்றரை, வரம்போரம். ஆழமான குளத்தில் தேட வேண்டாம்.

குளக்கட்டு: எங்கள் குளத்தில் மிதக்கிற மஞ்சள் பூவுக்கும் பை இருக்குதே?

புல்வெளி அக்கா: அதுவும் யுட்ரிகுலேரியாதான், வேறு இனம். யுட்ரிகுலேரியா ஆரியா என்று நினைக்கிறேன். அது தண்ணீருக்குள்ளேயே பிடிக்கும்.

வட்டைக்காரன்: கரைத்துப் பார்த்தேன், பை இருக்கிறது! மகள் சாடியில் வைக்கக் கேட்கிறாள். பிறகு, வரம்பில் புல் செருக்கும்போது என்ன செய்ய?

புல்வெளி அக்கா: சாடி வேண்டாம், உரம் போட்ட மண்ணில் நிற்காது. கைவில்லையோடு பிள்ளையை வரம்புக்குக் கூட்டிப்போங்கள். அந்தத் துண்டை மட்டும் காய் முற்றும்வரை செருக்காமல் விடுங்கள். ஓராண்டுச் செடி, விதை விழுந்தால்தான் அடுத்த மாரிக்கு வரும்.